கட்டக்கோரையில் வளர்ந்த சிவப்புப் பாக்டீரியா: நிறமி மருந்தாகுமா?

மண்டபம் மாணவி (கேள்வி):
வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக, பாசி எடுக்கும் அக்காமார்களிடம் கேட்டு வாங்கிய கட்டக்கோரை என்னும் கடற்பாசியைக் கடல்நீர் அகார் தட்டில் தேய்த்து வளர்த்தபோது, குங்கும நிறத்தில் ஒரு பாக்டீரியா கிடைத்தது. அதன் நிறமியை மெத்தனாலில் பிரித்துக் காகித வில்லையில் இட்டதில், ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வளர்த்த தட்டில் அது வளராத தெளிவான வளையம் தோன்றியது; ஈ.கோலை பாக்டீரியா வளர்த்த தட்டில் ஒன்றும் தெரியவில்லை. இது சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் சிவப்பு நிறமியான புரோடிஜியோசின் என்றும், புற்றுநோயைக் குணப்படுத்தும் என்றும் எழுதலாமா?

ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்:
முதலில், வெறும் மெத்தனால் இட்டு உலர்த்திய வில்லையை அதே தட்டில் வைத்துப் பார்த்தீர்களா, அம்மா? வளையம் மெத்தனாலால் வந்ததல்ல என்று காட்டும் அந்த ஒப்பீடு இல்லாவிட்டால், உங்கள் முடிவைத் தேர்வாளர் ஒரே கேள்வியில் அழித்துவிடுவார். அடுத்து, சாற்றில் சில துளி அமிலம் சேருங்கள். புரோடிஜியோசினாக இருந்தால் இளஞ்சிவப்பாகி 535 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும், காரம் சேர்த்தால் மஞ்சளாகும். இதுவும் தடயம்தான், உறுதிப்படுத்த, மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைநிறமாலை வேண்டும். ஈ.கோலை தப்பியதில் வியப்பில்லை: ஈ.கோலை போன்ற கிராம் எதிர் வகைப் பாக்டீரியாக்களுக்கு உள்ள வெளிச்சவ்வு இத்தகைய நிறமிகளை எளிதில் உள்ளே விடுவதில்லை.

"குணப்படுத்தும்" என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். புரோடிஜியோசின் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் புற்றுச்செல்களைத் தற்சாவுக்கு, அதாவது தம்மைத் தாமே அழித்துக்கொள்ள, தூண்டுகிறது என்பது உண்மை. ஆனால் அதே குடும்ப அமைப்பைப் பின்பற்றிச் செயற்கையாக உருவாக்கிய ஒபாடோகிளாக்ஸ், மனிதர்களிடம் சோதனை வரை சென்றும் மருந்தாக ஒப்புதல் பெறவில்லை. நலமான செல்களின் மீது உங்கள் சாறு என்ன செய்கிறது என்பதை அளக்காமல், தட்டிலிருந்து நோயாளிக்குத் தாவக் கூடாது.

ஆய்வக உதவியாளர், தங்கச்சிமடம்:
ஐயா சொன்னதோடு ஒன்று. இந்நிறமியைத் தரும் செராஷியா மார்செசென்ஸ், மருத்துவமனைத் தொற்றுகளுக்கும் காரணமாகும் பாக்டீரியா. இனம் தெரியும்வரை கையுறையின்றித் தொடாதீர்கள். 30 பாகை செல்சியஸில் சிவந்து 37 பாகையில் வெளிறினால் அதன் மீது ஐயம் கொள்ளலாம். எனினும் சூடோஆல்டெரோமோனாஸ், விப்ரியோ போன்ற கடல் இனங்கள் சிலவும் இதே நிறமியை உண்டாக்குவதால், பாக்டீரியா இனத்தை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணு வரிசையைப் பார்ப்பதே நல்லது.

பாம்பன் கருவாட்டு வியாபாரி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஈரக்காற்று வீசும் நாட்களில் எங்கள் உப்புக் கருவாட்டிலும் சிவப்புப் படிகிறது. உடம்புக்கு நல்லது என்று ஒருவர் சொன்னார், அதுவும் இதுதானா?

ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்:
இல்லை, அண்ணாச்சி. அது உப்பளத்து உப்போடு வரும் உப்புவிரும்பி நுண்ணுயிர். பாக்டீரியா இனமே அன்று, ஆர்க்கியா என்னும் வேறொரு ஒற்றைச்செல் உயிர்ப்பிரிவு. அதன் சிவப்பு, வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது உண்டாக்கும் கரோட்டினாய்டு, அதாவது கேரட்டுக்கு நிறம் தரும் வகை நிறமி. உங்கள் சரக்கில் அது மருந்தன்று, கருவாடு கெடத் தொடங்கியதன் அடையாளம். சிவந்ததைத் தனியே ஒதுக்குங்கள், அந்த உப்பை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.