புதுப்பிப்பு: எடை கூடாமலிருக்க, மரச்சீனியும் தேங்காயும்

எடை கூடாமலிருக்க நடையும் எண்ணெய்க் குறைப்பும் பற்றி முன்பு இங்கே எழுதியிருந்தேன். அந்தப் பதிவின் கீழே அதிகம் பேர் கேட்டது: "மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) விட்டுவிடணுமா?"

விட வேண்டாம். பச்சைக் கிழங்கு 100 கிராமில் ஏறக்குறைய 160 கலோரி, மாவுச்சத்து 38 கிராம், புரதமோ 2 கிராம்கூட இல்லை. அதனால் அதைச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள், சோற்றோடு சேர்த்து அல்ல. புரதத்துக்குச் சாளை (மத்தி) மீனோ நெத்திலியோ கறியாக இருக்கட்டும். பொரித்தால் கணக்கு மாறிவிடும்.

எண்ணெயில் நம்மூர்க்காரர்கள் கோட்டை விடுவது அரைத்த தேங்காயில்தான். துருவல் 100 கிராமில் சுமார் 33 கிராம் கொழுப்பு. மீன்கறி, அவியல், துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) என ஒரே வேளையில் மூன்றிலும் தேங்காய் விழுந்தால், தாளிக்கிற எண்ணெயைக் குறைத்து என்ன பயன்? ஒன்றில் மட்டும் போதும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் எண்ணெய் என்று வைத்தால், நால்வருக்கு மாதம் 3 கிலோ. அதைத் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். மாதம் முடியுமுன் தீர்ந்தால் தெரிந்துவிடும்.

தொப்பை கூடுகிறதா என்று பார்க்க இடுப்பளவு எடுக்கும்போது, பேன்ட் கட்டும் இடத்தில் எடுக்காதீர்கள்; தொப்பைக்குக் கீழே போவதால் குறைத்துக் காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின், நாடாவை இறுக்காமல் வையுங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

குமரி மாவட்டத்தில் நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, நடை அப்போதுதான் நின்றுபோகும். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் வாரம் 150 நிமிடம் நடக்க வேண்டும் என்ற கணக்கில் சேரும்.