புதுப்பிப்பு: மரத்தூள் பெல்லட் அடுப்பு, 2 மாதம் கழித்து

காரைக்குடி வீட்டின் இரண்டாம் கட்டில் (உள்பகுதியில்) விறகுக்குப் பதில் பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்னத் துண்டு) எரிக்கும் அடுப்பு வைத்திருக்கிறேன், கேஸ் செலவு மிச்சமாகுமா என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

புகை நிஜமாகவே குறைவு. நல்ல பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள்தான். போதாததற்குச் சின்ன மின்விசிறி வேறு ஊதுகிறது. தேன்குழல் சுட்ட அப்பத்தா ஒரு தடவைகூடக் கண்ணைக் கசக்கவில்லை. கரண்ட் போனால்தான் வம்பு.

செலவு நினைத்தபடி இல்லை. ஒரு கிலோ பெல்லட்டில் சுமார் 4,000 கிலோகலோரி வெப்பம், ஒரு கிலோ கேஸில் 11,000க்குப் பக்கம். 14.2 கிலோ சிலிண்டருக்கு ஈடாக 40 கிலோ வேண்டும். வீணாகும் சூட்டைச் சேர்த்தால் இன்னும் கூடும். சுற்றுச்சூழலுக்காவது நல்லதா என்றால், மரம் வெட்டவில்லை, அறுவைத்தூள்தான், சரி. அதுவும் லாரி ஏறித்தானே வருகிறது? அதனால் பலகாரத்துக்கு மட்டும்தான் இந்த அடுப்பு.

அப்புறம், ஒரு மூட்டையை முற்றத்து ஓரம் வைத்துவிட்டேன். ஒரே மழை. காலையில் பார்த்தால் ஊறி உப்பிய வெறும் மரத்தூள்!