தாய்ப்பிரிவா, தாய்ப்பிரிப்பா?

வணக்கம்.

ஆங்கிலத்தில் maternal separation என்பதற்குச் சொற்பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சைப் பற்றி எழுதுகிறேன். எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து எடுத்து, வளர்ந்தபின் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கும் ஆய்வுகளுக்கு 'தாய்ப்பிரிவு' என்ற சொல்லே போதும் என்று முடிவாகிற மாதிரி தெரிகிறது. எனக்கு ஒப்பவில்லை. கேட்டதும் ஆஸ்பத்திரியில் இருக்கும் 'தாய் சேய் நலப் பிரிவு' பலகைதான் நினைவுக்கு வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், பிரிவு என்பது தன்வினை. தலைவன் பொருள் தேடப் போனால் பிரிவு. ஆய்வுக்கூடத்தில் ஒரு கை கூண்டுக்குள் வந்து, கண்கூடத் திறக்காத குட்டிகளை எடுத்து வேறு பெட்டியில் வைக்கிறது. அது பிரிப்பு. ஆகவே 'தாய்ப்பிரிப்பு'.

'தாயிழப்பு' வேண்டவே வேண்டாம், தாய் செத்துப்போனதாக ஆகிவிடும். இந்த ஆய்வுகளில் குட்டி தாயிடம் திரும்பிப் போகிறது, விஷயமே அங்கேதான் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் சீமோர் லெவின் 1950களில் தொடங்கிவைத்த வழியில் பலர் செய்து பார்த்தார்கள்: தினமும் 15 நிமிடம் போல எடுத்துவிட்டுத் திரும்ப வைத்த குட்டிகள் பெரிதானபின் அதிகம் மிரளவில்லை, அதையே தினம் 3 மணி நேரம் செய்தபோது பல ஆய்வுகளில் பதற்றம் கூடிய எலிகள் வந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்த குட்டியைத் தாய் விழுந்து விழுந்து நக்குகிறது. அப்படி நக்கிவிடுவதால்தான் பலன் என்று கனடாவின் மெகில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் 1997இல் காட்டினார்கள். அதிகம் நக்கப்பட்ட குட்டிகளுக்கு வளர்ந்தபின் மன அழுத்த ஹார்மோன் அவ்வளவு ஏறவில்லை. ஆக, பலனே எதிரெதிராக இருக்கும்போது இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் படிப்பவர் குழம்பிப்போவார். 'குறும்பிரிப்பு', 'நெடும்பிரிப்பு' என்று வைக்கலாம்.

அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ விஸ்கான்சினில் செய்தது இரண்டிலும் சேராது. பிறந்த சில மணி நேரத்தில் எடுத்த குரங்குக்குட்டிகள் கம்பியால் செய்த பொம்மைத் தாயிடம் பால் கிடைத்தாலும் துணி போர்த்திய பொம்மைத் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன, உண்மையான தாய் திரும்பவேயில்லை. அதற்கு 'தாயற்ற வளர்ப்பு' சரியாக இருக்கும்.

அப்புறம், பால்குடி மறக்கடித்தலையும் இதோடு சேர்க்கச் சொல்கிறார்கள். எங்கள் பூனையை நாலு வாரக் குட்டியாகக் கொண்டுவந்தோம். கிண்ணத்தில் வைத்ததை அன்றே நன்றாகச் சாப்பிட்டது, பசி என்று கத்தவேயில்லை. ஆறு வயதாகிறது, இன்றும் இரவில் போர்வை ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு முன்கால்களால் பிசைகிறது. வயிற்றுக்குக் குறையில்லை, குறை தாய்தான். தயவுசெய்து பால்குடி மறக்கடித்தலையும் தாய்ப்பிரிப்பையும் சொற்பட்டியலில் ஒரே பதிவில் போட்டுவிடாதீர்கள்.