வளவு வீட்டுக் குழு: நனைந்த மேக்புக்

ஆச்சி, தேவகோட்டை: நேற்று மாலை முற்றத்துச் சாரல் திண்ணை வரை அடித்ததில், அங்கே வைத்திருந்த மேக்புக் மடிக்கணினி நனைந்துவிட்டது. பொத்தானை அழுத்தினாலும் சார்ஜரை மாட்டினாலும் உயிர் வரவில்லை. பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டுக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கடையில், உள்ளே சிப்புகள் இருக்கும் முதன்மைப் பலகையான போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். என்ன செய்யலாம், தம்பி?

தம்பி, காரைக்குடி: இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள், ஆச்சி. அது எந்த ஆண்டு மாடல்? கணக்குக்கு வேறு நகல் இருக்கிறதா?

ஆச்சி, தேவகோட்டை: 2019, 13 அங்குலம். நகல் இல்லை.

தம்பி, காரைக்குடி: அப்படியானால் போர்டை மாற்றினால் கணக்கும் போய்விடும். அந்த மாடலில் சேமிப்புச் சிப்புகள் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளன. அவற்றில் உள்ளதைப் படிக்க வேண்டிய சாவி அதே போர்டின் டி2 என்ற பாதுகாப்புச் சிப்பில் இருப்பதால், சேமிப்பை மட்டும் கழற்றி வேறொன்றில் பொருத்தியும் பயனில்லை. இந்தப் போர்டைத்தான் எழுப்ப வேண்டும்.

அயித்தான், சென்னை: அரிசிக்குள் இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாமே?

தம்பி, காரைக்குடி: வேண்டாம், அயித்தான். சிப்புகளுக்கு அடியில் தேங்கிய நீரை அரிசி இழுக்காது. ஈரத்தைவிட, ஈரத்தின் ஊடே பாயும் மின்சாரம்தான் போர்டைக் கெடுக்கிறது. கணினி அணைந்திருந்தாலும், பேட்டரி இணைப்பில் இருக்கும் வரை சில தடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருப்பதால், நீர்ப்படலத்தின் வழியே செம்பு அரித்துப் பச்சை பூக்கிறது. நம் ஊர் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1953 முதல் ஆராய்ந்துவரும் அரிமானம் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஆச்சி, இனி ஒருமுறைகூடப் பொத்தானை அழுத்த வேண்டாம். சார்ஜரையும் மாட்ட வேண்டாம். இன்றே இங்கே கொடுத்தனுப்புங்கள்.

ஆச்சி, தேவகோட்டை: மகன் பஸ் ஏறிவிட்டான்.

தம்பி, காரைக்குடி: பேட்டரி இணைப்பைக் கழற்றி, போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான தூரிகையால் துடைத்து நன்றாகக் காயவைத்தேன். பிறகு, வரும் மின்னழுத்தத்தைக் காட்டும் டைப்-சி மீட்டர் வழியாகச் சார்ஜரை இணைத்தபோது 5 வோல்ட்டிலேயே நின்றது. நலமான போர்டு என்றால் அது சார்ஜரிடம் கேட்டு 20 வோல்ட்டுக்கு ஏறியிருக்கும். சார்ஜரை எடுத்துவிட்டு, முதன்மை மின்தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்ட்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய பூஜ்ய ஓம் காட்டுகிறது. அந்தத் தடத்தில் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது.

அயித்தான், சென்னை: அத்தனை உதிரிகளில் அது எது என்று எப்படித் தெரியும்?

தம்பி, காரைக்குடி: சூட்டை வைத்துத்தான். சாதாரணமாக 12 வோல்ட்டுக்கு மேல் ஓடும் அந்தத் தடத்துக்கு வெளியிலிருந்து 1 வோல்ட் மட்டும் கொடுத்து, மேலே ஆல்கஹாலைப் பரப்பினேன். எங்கும் ஈரம் மினுங்கிக்கொண்டிருக்க, ஓரத்திலிருந்த எள்ளளவு செராமிக் கெபாசிட்டரின் மேல் மட்டும் நொடியில் உலர்ந்தது. அதை ஹாட் ஏர் கருவியின் சூடான காற்றால் பற்றை இளக்கி எடுத்ததும் ஷார்ட் விலகியது. அதனுடன் இணையாக வேறு கெபாசிட்டர்களும் இருப்பதால் இப்போதைக்கு அது இல்லாமலும் ஓடும்; அதே மதிப்புள்ள புதியதைப் பின்னர் வைக்கிறேன்.

ஆச்சி, தேவகோட்டை: உயிர் வந்ததா, தம்பி?

தம்பி, காரைக்குடி: மீட்டர் 20 வோல்ட்டுக்கு ஏறியது, ஆச்சி, திரையும் வந்துவிட்டது. கடவுச்சொல்லை எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம். அரித்த போர்டு எப்போது வேண்டுமானாலும் மீண்டும் படுத்துவிடக்கூடும் என்பதால், வேறு எதையும் தொடாமல் முதலில் படைப்புக் கணக்கை வெளி ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவிடுகிறேன்.