கடைசி பத்து வீட்டுல மட்டும் பால் திரியுது, என்ன காரணம்?

கேள்வி:
ஏழு வீட்டுல கறவை எடுத்து, 40 லிட்டரையும் ஒரே அலுமினியக் கேன்ல கலந்து டிவிஎஸ் எக்ஸ்எல்ல ஊத்துற லைன். கறவை 4.45, முதல் வீடு 5.45, கடைசி வீடு 8.30. சித்திரை பொறந்ததுல இருந்து வாரம் ரெண்டு மூணு நாள் கடைசி பத்து வீட்டுல காய்ச்சும்போது திரியுது. முன்னாடி வீடுகள்ல புகாரே இல்ல. கேனை தினமும் சோப்புத்தூள் போட்டுத்தான் கழுவுறோம். துளி ஆப்பசோடா போட்டா நிக்கும்ங்கறாங்க. போடலாமா?

கறவைமாடு (பதில் சொல்றவர் புனைபெயர்):
போடாதீங்க. சோடா புளிப்பை மறைக்குமே தவிர கிருமியைக் கொல்லாது. அது கலப்படம்தான், ரோசாலிக் அமிலம் ரெண்டு சொட்டு விட்டா பால் ரோஸ் நிறமாகிக் காட்டிக் கொடுத்துடும்.

கறந்த பாலுக்குக் கிருமியைத் தடுக்கிற சக்தி இயற்கையாவே இருக்கு, ஆனா கறந்த சூட்டோட வெச்சா ரெண்டு மணி நேரம் தாங்குறதே பெரிசு. உங்க கடைசி வீட்டுக்கு நாலு மணி நேரம் ஆகுது. அதோட, ஒரே கேனைத் திறந்து மூடி அம்பது தடவை அளவை முக்குறீங்க. 20 லிட்டர் கேன் ரெண்டா மாத்துங்க. ரெண்டாவது கேனை முதல் கேன் தீர்ற வரைக்கும் திறக்கவே கூடாது, ஈரச்சாக்கு சுத்தி வெயில் படாம வைங்க. கழுத்து வரைக்கும் நிரப்பினா குலுங்காது. அரைக்கேன் பால் வண்டி ஆட்டத்துல வெண்ணெய் திரண்டுடும். மேலேயிருந்து முகக்கும்போது ஏடு முதல் வீடுகளுக்கே போயிடும், அதனால அஞ்சாறு வீட்டுக்கு ஒரு தடவை கரண்டியால அடிவரைக்கும் கலக்கிவிடுங்க.

பால்கேன்:
கேன் கழுவுற முறையிலயும் தப்பு இருக்கலாம். எடுத்ததும் வெந்நீர் ஊத்தாதீங்க, பால் புரதம் வெந்து சுவத்துல ஒட்டி மஞ்சக்கறையாயிடும். முதல்ல பச்சைத்தண்ணி, அப்புறம்தான் வெந்நீரும் பிரஷ்ஷும். கடைசியா கொதிக்கிற தண்ணி ஊத்திக் கவுத்துப் போடுங்க, துணியால துடைக்க வேண்டாம். ஸ்டீல் கேன்னா சலவைச்சோடா நல்லது. அலுமினியத்துல அதைப் போட்டா குழி விழும், அந்தக் குழிக்குள்ளதான் கிருமி குடியிருக்கும். மூடி வாஷரைக் கழட்டிப் பாருங்க, பெரும்பாலும் நாத்தம் அங்கேதான். வெடிச்சிருந்தா மாத்திடுங்க.

மடிநோய்:
தினமும் திரிஞ்சா கேனும் வெயிலும் காரணம். சில நாள் மட்டும் திரியுதுன்னா ஏழு வீட்டுல ஒரு வீட்டுப் பாலையும் சந்தேகப்படணும். கன்னு போட்டு அஞ்சு நாள்கூட ஆகாத மாட்டோட சீம்பால், மடிநோய் வந்த காம்புப் பால், ரெண்டும் காய்ச்சினா திரியும். பெரிய கேன்ல ஊத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வீட்டுப் பாலையும் ஒரு கரண்டி தனித்தனியா காய்ச்சிப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. முதல் ரெண்டு பீச்சலைக் கறுப்புத் துணி மேல விடச் சொல்லுங்க, கட்டி கட்டியா விழுந்தா அந்தக் காம்புப் பாலைத் தனியா ஒதுக்கணும். லேக்டோமீட்டர் (பால் அடர்த்தியை அளக்குற கருவி) இதையெல்லாம் காட்டாது, தண்ணிக்கு மட்டும்தான் அது. அதையும் ஏடு எடுத்துட்டுத் தண்ணி கலந்தா ஏமாத்திடலாம்.

கேட்டவர்:
நன்றிங்க. ஐஸ்கட்டி வாங்கிப் பால்லயே போட்டுடலாமா?

கறவைமாடு:
கூடவே கூடாது. உருகினா தண்ணி கலந்த பால், அந்த ஐஸ் எந்தத் தண்ணியோ தெரியாது. ஒரு தொட்டித் தண்ணியில ஐஸ் போட்டு, கேனைக் கழுத்து வரைக்கும் இறக்கி, உள்ளே கலக்கிக்கிட்டே இருங்க. 20 லிட்டரை 35 டிகிரியில இருந்து 10 டிகிரிக்குக் கொண்டு வரக் கணக்குப்படி அஞ்சரை கிலோ ஐஸ். தொட்டியும் கேனும் குளிர வேண்டியிருக்கறதால எட்டு கிலோ போடுங்க. ரெண்டாவது கேனுக்கு மட்டும் செஞ்சா போதும், முதல் கேன் ஏழு மணிக்குள்ள தீர்ந்துடும். குளிர்ந்த பாலோட சூட்டுப்பாலை மட்டும் கலந்துடாதீங்க.