செம்புக் குழாயில் காந்தம் ஒட்டாது, ஆனால் உள்ளே போட்டால் ஏன் மெதுவாக விழுகிறது?

பாப்பாவின் அப்பா:
ஏசி மாட்டியபோது மிஞ்சிய அரை இஞ்ச் செம்புக் குழாய் ஒன்று வீட்டில் கிடந்தது. நீளம் 60 செ.மீ. ஒன்பதாவது படிக்கும் மகள் நியோடிமியம் பட்டன் காந்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அதற்குள் போட்டாள். வெறுமனே விட்டால் அரை விநாடிகூட ஆகாத தூரம், இரண்டு விநாடிக்கு மேல் ஊர்ந்து வந்தது! அதே பருமனில் ஒரு போல்ட் துண்டைப் போட்டால் சட்டென்று விழுகிறது. "ஒட்டாத குழாய் எப்படிப்பா பிடிச்சு வைக்குது?" என்கிறாள். லென்ஸ் விதி, அதாவது பிறக்கும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்றேன். "அது பேருப்பா, காரணம் என்ன?" என்று கேட்டுவிட்டாள். இரண்டு நாளாக அதே யோசனை.

மொட்டைமாடி:
குழாய்க்குள் காற்று அடைபடுவதால் இருக்குமோ?

காயில் கட்டுபவர்:
காற்று என்றால் போல்ட் துண்டும் மெதுவாகத்தான் வந்திருக்கும். 22 வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன் தம்பி, எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

குழாயை, அடுக்கி வைத்த செம்பு வளையல்களாக நினைத்துக்கொள்ளுங்கள். வளையலுக்குள் காந்தப்புலம் கூடினாலும் குறைந்தாலும் அதில் மின்னோட்டம் பிறக்கும். 1831ல் ஃபாரடே கண்டது இது. மாறாத புலத்தால் மின்னோட்டம் வராது, எவ்வளவு பெரிய காந்தமாக இருந்தாலும் சரி. அப்புறம், மின்னோட்டம் ஓடும் எதுவும் தானே ஒரு காந்தம். 1820லேயே ஓர்ஸ்டெட் கம்பியின் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புவதைப் பார்த்துவிட்டார். ஆக, காந்தம் நெருங்கும் வளையல் கீழிருந்து தள்ளுகிறது, கடந்துபோன வளையல் மேலிருந்து இழுக்கிறது.

ஏன் எப்போதும் எதிர்த்தே நிற்கிறது? பாப்பா கேட்ட காரணம் இதுதான். மின்னோட்டம் காந்தத்துக்கு உதவி செய்தால் அது இன்னும் வேகமாகப் போகும், மின்னோட்டம் இன்னும் கூடும், வேகம் மறுபடி கூடும். எதையும் செலவழிக்காமல் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அப்படி ஒன்று இயற்கையில் கிடையாது. உயரத்திலிருந்து இறங்குவதால் காந்தம் இழக்கிற ஆற்றல்தான் குழாயில் சூடாக மாறுகிறது, கை வைத்தால் தெரியாத அளவு சூடு. காந்தம் நடுவில் நின்றுவிடாததும் இதனால்தான். நின்றால் மாற்றம் இல்லை, மின்னோட்டம் இல்லை, தடுக்க ஆளில்லை.

உலோகத்துக்குள் இப்படி வளையமாக ஓடுவதைச் சுழல் மின்னோட்டம் என்போம், என் தொழிலில் அது பெரிய எதிரி. மோட்டாரில் சுழலாமல் நிற்கும் பகுதியான ஸ்டேட்டரை ஒரே இரும்புக் கட்டியாக வார்க்காமல் மெல்லிய தகடுகளாக அடுக்குவது இதை ஓடவிடாமல் வெட்டத்தான். பழைய காயிலை எடுக்க நெருப்பில் போட்டு அளவுக்கு மீறிச் சுட்டால் தகடுகளுக்கு நடுவே உள்ள பூச்சு கருகிவிடும். பிறகு எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் மோட்டார் சூடேறும். ஆரம்பத்தில் இரண்டு மோட்டாரை அப்படிக் கெடுத்திருக்கிறேன், இன்றும் மனசு உறுத்துகிறது.

ஹாக்சா பிளேடால் குழாயை நெடுக ஒரு கோடு கீறிப் பிளந்து பாருங்கள். வளையல் உடைந்ததால் வேகமாக விழும்.

மீட்டர் ரீடர்:
பழைய கறுப்பு மீட்டருக்குள் சுற்றும் அலுமினியச் சக்கரத்துக்கும் இதே பிரேக்தான். பக்கத்தில் ஒரு நிலைக்காந்தம் இருக்கும். அது இல்லாவிட்டால் விளக்கை அணைத்த பிறகும் சக்கரம் ஓடும்.
தம்பி, பிளப்பதற்கு முன்னால் குழாயைச் சமையலறைத் தராசின் மேல் செங்குத்தாக நிறுத்தி, காந்தத்தை உள்ளே போட்டுப் பாருங்களேன்.

பாப்பாவின் அப்பா:
நிறுத்தினோம் அண்ணே. பிளாஸ்டிக் டம்ளரில் துணியைத் திணித்து, குழாயைச் செருகி, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம். காந்தத்தின் எடை 6 கிராம். அது குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, துணியைத் தொடுவதற்கு முன்னாலேயே, தராசு 6 காட்டிவிட்டது. "குழாய்தாம்பா தூக்கிட்டு வருது!" என்று கத்தினாள். ஹாக்சா பிளேடு வாங்கக் கடைக்குக் கிளம்பிவிட்டோம்.