டிஸ்னியோட எப்காட் தீம் பார்க்ல, 'லிவிங் சீஸ்'ங்கிற கடல் காட்சியகத்துல இருந்த ஹைட்ரோலேட்டர் யாருக்காவது நினைவிருக்கா?

1993-ல ஃப்ளோரிடாவுக்குப் போனப்போ எனக்கு ஒன்பது வயசு. ஹைட்ரோலேட்டர்னா லிஃப்ட் மாதிரி ஒரு அறை. கதவு மூடினதும் தரை அதிர்ந்தது, ஜன்னலுக்கு வெளியே குமிழிகளும் பாறையும் மேலே ஓடின. கடலுக்கு அடியில போறோம்னு அப்பா கையை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டேன். உண்மையில எவ்வளவு ஆழம் போச்சு?

பதில் 1:
ஆழமா! அது இறங்கவே இல்லைங்க. தரை லேசா ஆடும், சுவர்தான் மேலே நகரும். ஒரு கதவால உள்ளே போய் எதிர்க் கதவால வெளியே வருவோம், அவ்வளவுதான்.

பதில் 2:
லிவிங் சீஸ் 1986 ஜனவரியில திறந்தது. அங்க இருந்த மீன் தொட்டி மட்டும் நிஜம்: சுமார் 57 லட்சம் கேலன் உப்புத்தண்ணி. 2000-களின் நடுவுல கார்ட்டூன் மீன்களை வெச்சு மாத்திட்டாங்க. தொட்டி இன்னும் அதேதான், ஹைட்ரோலேட்டர்தான் போயிடுச்சு.

கேட்டவர்:
அடப்பாவிகளா, முப்பது வருஷமா ஏமாந்திருக்கேன்! காது அடைச்ச மாதிரி இருந்துச்சுன்னு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். அப்பாவுக்கு அப்பவே தெரியுமாம். இப்பத்தான் போன் பண்ணிக் கேட்டேன், சிரிக்கிறார்.

பதில் 1:
எனக்கும் காது அடைச்சுது. சத்தியமா.